மெத்தைக் கம்பெனியில் மாட்டிய பல்சக்கரம்

எங்கள் ஊரைச் சுற்றி ராத்திரி பகலாக வண்டி செய்கிறார்கள். கார் செய்கிறார்கள், லாரி செய்கிறார்கள், அவற்றுக்கு வேண்டிய கண்ணாடி, டயர், ஒயர், ஆணி, மரை எல்லாம் செய்கிறார்கள். ஒரகடம் ரோட்டைக் கடக்க நின்றால், புதுக் கார்களை மேலும் கீழுமாக அடுக்கிக்கொண்டு ஒரு நீள லாரி போகும். அது போய் முடிவதற்குள் அடுத்தது வந்துவிடும். எல்லாம் கப்பலேறி எந்தெந்தத் தேசத்துக்கோ போகிறதாம். போகட்டும். என் டிராக்டருக்கு ஒரே ஒரு பல்சக்கரம் வேண்டும் என்று கேட்டால் மட்டும், எல்லோரும் சேர்ந்து கையை விரிக்கிறார்கள். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கொதிக்கிறது.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். என் பேச்சைப் புத்தகத் தமிழாக மாற்றிக்கொள்ளட்டும், பரவாயில்லை. ஆனால் யார் யார் என்ன பேசினார்களோ அதை மட்டும் பேசினபடியே எழுது என்று சொல்லிவிட்டேன். அப்போதுதான் அவர்கள் பேசின லட்சணம் தெரியும்.

டிராக்டர் என்றதும் பெரிய சக்கரம் வைத்த வண்டியை நினைக்க வேண்டாம். இது தோட்டத்து டிராக்டர். உயரம் என் மார்பளவு. சிவப்பு நிறம், அதுவும் பாதி உதிர்ந்துபோனது. என் வீட்டுக்காரர் இருந்த காலத்தில் ஒரு மாந்தோப்புக்காரரிடம் பழசாக வாங்கினோம். அவர் போன பிறகு நான்தான் ஓட்டுகிறேன். சைக்கிள் கூட ஓட்டத் தெரியாதவள் நான். இதில் ஏறி உட்கார்ந்து கியர் போட்டால், பக்கத்து மனைகளில் வீடு கட்டுகிற கொத்தனார்கள் கரண்டியை வைத்துவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். பார்க்கட்டுமே.

அதற்கு சீட் இல்லை. பழசு கிழிந்துபோய், கால் வெட்டின பிளாஸ்டிக் நாற்காலியைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறோம். என் மகன் வேலை செய்வது காருக்கு சீட் செய்கிற கம்பெனியில். நாள் முழுவதும் உலகத்தில் யார் யாரோ உட்காருவதற்கு மெத்து மெத்தென்று பஞ்சு வைத்துப் பூட்டுகிறான். அவனைப் பெற்றவளுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி. “ஒரு பழைய சீட்டு, கிழிஞ்சது, ரிஜெக்ட் ஆனது, எதனா எடுத்துகினு வாடா” என்று எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். “ஒரு நூலு கூட வெளிய வராதும்மா, வேலையே போயிடும்” என்பான்.

எங்கள் நிலம் பிள்ளைப்பாக்கம் பக்கம். மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். ஒரு பக்கம் கம்பெனி மதில், மறுபக்கம் மனை போட்டு நட்ட கல். நடுவில் ஒரு சந்து. அந்தச் சந்தில் வாடகை டிராக்டர் நுழையாது. மாடு கட்டி உழலாம் என்றால், ஊரில் மாடு வைத்திருப்பவர்கள் பால் கறக்கத்தான் வைத்திருக்கிறார்கள். என் சிவப்பு வண்டி ஒன்றுதான் உள்ளே போய்த் திரும்பி வரும். அது ஓடினால்தான் சிறுகீரை, அரைக்கீரை, கனகாம்பரம். சாயங்காலம் ஷிப்ட் பஸ் நிற்கிற இடத்தில் கீரைக்கட்டோடு உட்கார்ந்தால் அரை மணியில் காலி. இந்தி பேசுகிற பையன்கள் வந்து “பாலக், பாலக்” என்று கேட்கிறார்கள் என்பதற்காக அதுவும் ஒரு பாத்தி போட்டேன். சப்பென்று இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் அதைத்தான் ஆசையாக வாங்குகிறார்கள்.

போன வருஷம் ஆவணியில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தபோது, ‘கடக்’ என்று ஒரு சத்தம். எஞ்சின் ஓடுகிறது, வண்டி நகர்கிறது, பின்னால் மண் கிளறுகிற கத்திகள் மட்டும் சுற்றவில்லை. மகன் ஞாயிற்றுக்கிழமை பிரித்துப் பார்த்தான். கத்திகளைச் சுற்றுகிற பல்சக்கரத்தில் அடுத்தடுத்துச் சில பற்கள் முறிந்து கிடந்தன. உள்ளங்கையில் அடங்குகிற சக்கரம்தான்.

அதைக் கையில் வைத்துக்கொண்டு அவன் சொன்னான்: “எம்மா, இதோட போதும்மா. அந்த புரோக்கர் வாராவாரம் வந்து கேட்டுகினே கீறாரு. நெலத்த குடுத்துடலாம்.”

“ஒரு சக்கரம் ஒடஞ்சா நெலத்த விப்பியா? செருப்பு அறுந்தா கால வெட்டிப்பியா நீ?”

“சும்மா போட்டு வெச்சா சீமக்கருவேலம்தான் மொளைக்கும். சரி, தீபாவளி வரைக்கும் பாரு. அதுக்குள்ள வண்டி ஓடிச்சின்னா நான் வாயே தொறக்க மாட்டேன். ஓடலன்னா?”

“ஓடலன்னா நீ சொல்றத கேக்கறேன்டா” என்று வீம்பாகச் சொல்லிவிட்டேன். வீம்பு எனக்குப் பிறவியிலேயே உண்டு. அந்தச் சக்கரத்தைத் துணியில் சுற்றி, கூடையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

முதலில் படப்பையில் டிராக்டர் சாமான் விற்கிற கடை.

“இன்னா வண்டி ஆயா?”

“சின்ன டிராக்டரு.”

“மாடலு இன்னா?”

“செவப்பு.”

கடைக்காரர் சிரித்த சிரிப்பில் கல்லா மேசையே ஆடியது. சிரித்து முடித்துச் சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இந்த வண்டி செஞ்சவன் எப்பவோ இழுத்து மூடிகினு போயிட்டான் ஆயா. இந்த மாடலு இனிமே மியூசியத்துலதான் கீது.”

“எந்த மியூசியம்னு சொல்லு. போயி கழட்டிகினு வரேன்.”

அடுத்து புதுப்பேட்டை. பஸ் ஏறி, ரயில் மாறி, வெயிலில் போனேன். அங்கே தெருத்தெருவாகப் பழைய வண்டிகளைப் பிரித்து மலை மாதிரி குவித்திருக்கிறார்கள். கதவு வேண்டுமா, கண்ணாடி வேண்டுமா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கேட்டார்கள். என் சக்கரத்தை எடுத்ததும் முகம் மாறிவிட்டது. ஒருத்தன் மட்டும் ஏதோ ஒன்றைத் தேடி எடுத்து நீட்டினான். “இது ஒரு பல்லு கூடப்போட்டது ஆயா. ஓரத்துல அரம் போட்டு கொஞ்சம் ராவிகினா உக்காந்துடும்.”

“உன் வாயில ஒரு பல்லு கூடப்போட்டு ராவிக்கிறியா?” என்று கேட்டேன். சுற்றி இருந்தவர்கள் விசில் அடித்தார்கள். அவனே சிரித்துவிட்டு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். டீ நல்ல டீ. சக்கரம்தான் இல்லை.

எல்லாவற்றையும் விட எனக்கு ஆத்திரம் மூட்டியது வல்லம் வடகாலில் நடந்தது. அங்கே பல்சக்கரம் மட்டுமே செய்கிற கம்பெனி ஒன்று இருப்பதாகக் கீரை வாங்குகிற ஒரு பெண் சொன்னாள். பல்சக்கரம் மட்டுமே! வாயெல்லாம் பல்லாகப் போனேன். வாசலில் இருந்தவர் நல்ல மனிதர்தான், உள்ளே போன் செய்து கேட்டார்.

“ஒரு பீஸெல்லாம் போட மாட்டாங்களாம் ஆயா. மெசினு செட்டிங் மாத்தவே பாதி ஷிப்டு போயிடுமாம். ஆயிரம் பீஸ்னா ஆர்டர் எடுப்பாங்களாம்.”

“ஆயிரம் சக்கரத்த வாங்கி நான் இன்னா, மால கட்டி போட்டுக்கவா? கீறது ஒரு டிராக்டரு.”

“நான் இன்னா பண்றது ஆயா.”

அவர் என்ன செய்வார். பின்னால் உள்ளே மெசின் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு சக்கரம் விழுந்துகொண்டிருக்கும். அதில் ஒன்று எனக்கு ஆகாது. இந்தக் கம்பெனிகள் நிற்கிற மண்ணில் நான் களை பிடுங்கியிருக்கிறேன். அந்த உரிமையில் கேட்கவில்லை. வாங்க வந்தவளாகத்தான் கேட்டேன். வாங்க வந்தவளையும் திருப்பி அனுப்பினால் எங்கே போவது?

கடைசியில் கிண்டியில் ஒரு சின்ன லேத் பட்டறைக்காரர் ஒப்புக்கொண்டார். ஆனால் அவரும் ஒரு முடிச்சுப் போட்டார்.

“ஒண்ணே ஒண்ணு அறுத்துத் தரேம்மா. அளவு இந்தப் பழைய சக்கரத்தப் பாத்துதான் எடுக்கணும், அதனால இது கையில வேணும். இன்னொண்ணு, இரும்பு எவ்வளவு கெட்டின்னு தெரியணும். கெட்டி கம்மியானா தேஞ்சிடும், ஜாஸ்தியானா மறுபடி ஒடையும். எங்கயாவது ஹார்ட்னஸ் பாத்துகினு வாங்க, செஞ்சிடலாம்.”

வீட்டுக்கு வந்து மகனிடம் சொன்னேன். அவன் தலையைச் சொறிந்தான். “எங்க டூல் ரூம்லயே அந்த மெசினு கீதும்மா. அச்செல்லாம் அதுலதான் வெச்சி பாப்பாங்க. ஆனா உள்ள எதையும் எடுத்துகினு போவ முடியாது.”

“ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோட வரச் சொல்லுவாங்கல்ல?”

அவன் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல வேண்டும். பயம் பாதி, சிரிப்பு பாதி. டூல் ரூம் சூப்பர்வைசரிடம் கேட்டுப் பார்த்தான். “கூட்டிகினு வா, பாத்துக்கலாம்” என்றாராம்.

ஆயுத பூஜை அன்றைக்குக் கம்பெனியே கல்யாண வீடாக இருந்தது. வாசலில் வாழை மரம், உள்ளே மெசினுக்கெல்லாம் மாலை. அன்றைக்குக் குடும்பத்தோடு வந்தவர்களின் பையை வெளியே போகும்போதுதான் துழாவினார்கள், உள்ளே வரும்போது போனில் உள்ள கேமராவுக்கு மட்டும் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். என்னுடையது பட்டன் போன், அதில் கேமராவே கிடையாது. அதற்கும் ஒன்று ஒட்டினார்கள். கூடையில் தேங்காய், பழம், பூ. பூவுக்கு அடியில் என் சக்கரம்.

டூல் ரூமில் ஒரு மேசை மேல் வெள்ளைத் துணி விரித்து, ஸ்பேனர், சுத்தியல், அளக்கிற கருவி எல்லாவற்றையும் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்திருந்தார்கள். சூப்பர்வைசர் பட்டு வேட்டியில் கற்பூரத்தோடு நின்றார். “பூஜ முடியட்டும் ஆயா, அப்பறம் பாக்கலாம்” என்றார்.

நிற்கிற நேரத்தில் எனக்கு மனசு கேட்கவில்லை. வருஷா வருஷம் டிராக்டரைக் கழுவி, பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கிப் படைப்போம். இந்த வருஷம் அது பிரித்துப் போட்டபடி கிடக்கிறது. இத்தனை ஸ்பேனருக்கு நடுவில் என் சக்கரமும் ஓர் ஆயுதம்தானே? எடுத்துத் துடைத்து, சந்தனம் வைத்து, மேசை மேல் வைத்துவிட்டேன். கற்பூரம் காட்டினார்கள். கும்பிட்டேன். பொரி வாங்கிக்கொண்டேன்.

வாங்கிக்கொண்டு சக்கரத்தை எடுக்கக் கை நீட்டினேன். அப்போதுதான் சூப்பர்வைசர் அங்கே அதைப் பார்த்தார். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“ஐயோ ஆயா, அதுலயா வெச்சீங்க? படைச்சத இன்னிக்கு எடுக்கலாமா?”

எடுக்கக் கூடாது. படைத்த ஆயுதத்தை அன்றைக்குத் தொடக் கூடாது, மறுநாள் எடுத்துத்தான் வேலை தொடங்க வேண்டும். என் வீட்டில் அரிவாள்மணையைக் கூட எடுக்க விடாமல் மருமகளை அன்று முழுக்கத் தயிர்சாதம் செய்ய வைத்தவள் நான். இதை எழுதும்போது அவள் தலையை ஆட்டுகிறாள் பாருங்கள். அந்த வாயால் ‘எடுத்துக் கொடு’ என்று சொல்ல வரவில்லை. விட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் மகனுக்கு இரண்டாம் ஷிப்ட். காலை ஷிப்ட்காரர்கள் பூவை எடுத்துவிட்டுச் சாமான்களை எண்ணியிருக்கிறார்கள். ஒன்று அதிகம். சூப்பர்வைசரோ விஜயதசமிக்குச் சொந்த ஊர் போய்விட்டார். யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை. உடைந்தும் இருக்கிறது. ரிஜெக்ட் என்று சிவப்பு அட்டை ஒன்று கட்டி, சிவப்புப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். அந்தப் பெட்டிக்குள் போனது வெளியே வருவது பழைய இரும்பு லாரியில்தானாம்.

மகன் ஷிப்டுக்குப் போன கையோடு போன் செய்து சொன்னபோது கையில் சோற்றோடு எழுந்துவிட்டேன். பழைய இரும்பு லாரியா? அந்தச் சக்கரம் போனால் அளவு போச்சு, அளவு போனால் வண்டி போச்சு, வண்டி போனால் நிலம். எங்கிருந்தோ மோப்பம் பிடித்தது போல அந்தப் புரோக்கர் அன்று சாயங்காலமே காரில் வந்து இறங்கினார். “செத்துப்போன வண்டிக்கு இன்னும் இன்னா ஆயா எண்ண ஊத்திகினு கீற?” என்று கேட்டுவிட்டு, எங்கள் சந்தின் அகலத்தை அடியால் அளந்துகொண்டு நடந்தார்.

காலையில் முதல் வேலையாகக் கம்பெனி வாசலுக்குப் போனேன். செக்யூரிட்டி ஆபீசர் தெற்கத்திக்காரர், மீசை பெரிது.

“பாட்டி, உள்ள விட முடியாது. எதுன்னாலும் உங்க மவன்கிட்ட சொல்லி அனுப்புங்க.”

“என் சக்கரத்த குடு, நான் ஏன் உள்ள வரப்போறேன்?”

“அது கம்பெனிக்குள்ள இருந்த பொருளு பாட்டி. உள்ள இருக்கது எல்லாம் கம்பெனி பொருளுதான். இப்படி ரோட்டுல நின்னு சத்தம் போட்டா எப்படி? என்ன பேச்சு பேசுதியோ!”

“உங்க கம்பெனியில இன்னாய்யா செய்யறீங்க?”

“காருக்கு சீட்டு.”

“சீட்டுக்குள்ள இன்னா வெப்பீங்க?”

“பஞ்சு, மெத்தை.”

“மெத்தைக்குள்ள பல்சக்கரத்த வெச்சி தைப்பியா? உக்கார்றவனுக்கு எங்க குத்தும்னு தெரியுமா உனக்கு?”

ஷிப்டுக்கு வந்த கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. “ஆயா, விடாத ஆயா!” என்று யாரோ கத்தினார்கள். நான் விடுவேனா? “அந்தப் பல்லு இடுக்குல பாரு, என் தோட்டத்து மண்ணு ஒட்டிகினு கீதும். உங்க கம்பெனியில எங்கய்யா மண்ணு கீது? எல்லாத்தயும் சிமிட்டி போட்டு மூடிட்டீங்களே!” என்றேன். செக்யூரிட்டிக்கே சிரிப்பு வந்துவிட்டது. மீசையைத் தடவுகிற மாதிரி மறைத்துக்கொண்டு உள்ளே போன் செய்தார்.

தரச் சோதனை பார்க்கிற பெண் ஒருத்தி நீலக் கோட்டில் வந்தாள். சக்கரம் அவள் கையில் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பேத்தியைப் பார்த்த மாதிரி இருந்தது.

“ஆயா, இது எங்க பார்ட் இல்லன்னு எங்களுக்கே தெரியுது. யாரோ வெளிய பொருள உள்ள மாத்தி வெச்சிட்டாங்களோன்னு நேத்து மெசின்ல வெச்சி செக் கூடப் பண்ணோம். ஹார்ட்னஸ் மேல அம்பத்தெட்டு வருது, உள்ள சாஃப்டா கீது. எங்க டூல் எதுவும் இந்த மாதிரி இல்ல.”

எனக்குக் காது நிமிர்ந்தது. “இன்னாம்மா சொன்ன? இன்னொரு தரம் சொல்லு.”

“மேல அம்பத்தெட்டு. உள்ள சாஃப்ட்.”

எதற்காக இத்தனை அமளியோ, அதைச் சந்தேகப்பட்டு அவர்களே சோதித்து, வாசலுக்கு வந்து சொல்லிவிட்டுப் போகிறார்கள்! சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கோபமாக இருக்க வேண்டிய நேரத்தில் சிரித்தால் காரியம் கெட்டுவிடும். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். அந்தப் பெண் நான் அழுகிறேன் என்று நினைத்து, “அழாதீங்க ஆயா” என்று தோளைத் தொட்டாள். பாவம், நல்ல பெண்.

“குடும்மா, நான் போறேன்.”

“சும்மா குடுக்க முடியாது ஆயா. இங்கருந்து ஒரு இரும்பு வெளிய போவணும்னா ரெண்டே வழிதான். ஒண்ணு, பழைய இரும்பா லாரியில போவணும். இல்லன்னா, திரும்பி வர்ற பொருளா போவணும். உங்க பையன் பேர்ல கேட் பாஸ் போட்டுத் தரோம். ஆனா திரும்பக் கொண்டாந்து குடுத்துடணும்.”

“என் சக்கரத்த நான் எடுத்துகினு போயி, மறுபடி உங்ககிட்டயே கொண்டாந்து குடுக்கணுமா?”

“ஆமா ஆயா. இல்லன்னா உங்க பையனக் கேப்பாங்க.”

இந்த நியாயத்தை எந்தக் கோயிலில் போய்ச் சொல்வது? ஆனால் மகன் பெயர் வந்துவிட்டதே. வாங்கிக் கூடையில் போட்டேன். வழியெல்லாம் ‘மேல அம்பத்தெட்டு, உள்ள சாஃப்ட்’ என்று சொல்லிக்கொண்டே வந்தேன். ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் இருந்த அம்மா, “சுகரா? அம்பத்தெட்டுன்னா ரொம்ப கம்மியாச்சே” என்று ஒரு மிட்டாய் கொடுத்தாள். வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். மறந்துவிடுவேனோ என்று மறுபடியும் அதையே முணுமுணுத்தேன்.

அன்றே கிண்டி போனேன். லேத் பட்டறைக்காரர் கேட்டார், ஒப்பித்தேன். அவர் அறுத்து, சூட்டில் பதம் வைத்துக் கொடுக்கத் தீபாவளி நெருங்கிவிட்டது. நல்லவேளை, பெரிய மழை இன்னும் பிடிக்கவில்லை. மகன் சும்மா சொல்லக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமை விட்டுவிட்டு எண்ணெயும் கையுமாக மாட்டினான். “ஏறு” என்றான். பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தேன். சாவியைத் திருப்பி, பின்னால் உள்ள கம்பியைத் தள்ளினேன். கத்திகள் சுற்றின. மண் கறுப்பாகப் புரண்டு வந்தது. “நீ வாயே தொறக்க மாட்டேன்னியே?” என்று கத்தினேன். எஞ்சின் சத்தத்தில் கேட்டதோ இல்லையோ, வாயைப் பொத்திக் காட்டினான்.

புரோக்கர் சந்து முனையில் காரை நிறுத்திப் பார்த்தார். இறங்கவில்லை.

பழைய சக்கரத்தைத் திருப்பிக் கொடுத்தேன். கொடுக்காமல் இருக்க முடியுமா? அந்த மீசைக்காரர் வாங்கிக்கொண்டு, “வண்டி ஓடுதா பாட்டி?” என்று கேட்டார். “ஓடுதுய்யா. ஆயான்னு கூப்பிடு, பாட்டின்னா வேற யாரையோ கூப்பிடறாப்போல கீது” என்று ஒரு கட்டு அரைக்கீரை கொடுத்தேன். உடைந்த இரும்பை என்ன செய்வது என்று தெரியாமல் டூல் ரூமில் ஒரு தட்டில் வைத்திருக்கிறார்களாம். இரும்பு லாரியில் போடவும் முடியாதாம், திரும்பி வந்த பொருளாயிற்றே!

இந்த வருஷமும் ஆயுத பூஜைக்குப் போனேன். கூடையில் தேங்காய், பழம், பூ தவிர வேறு எதுவும் இல்லை, சத்தியமாக. டூல் ரூம் மேசையில் வெள்ளைத் துணி மேல், ஸ்பேனர்களுக்கு நடுவில், சந்தனமும் குங்குமமுமாக என் பொக்கைப் பல் சக்கரம் உட்கார்ந்திருக்கிறது. பொட்டு கொஞ்சம் கோணலாக இருந்தது. சரி செய்யலாம் என்று விரலை நீட்டினேன்.

புதிதாக வந்த சூப்பர்வைசர் ஒருத்தர் ஓடி வந்தார்.

“ஆயா, ஆயா! அதெல்லாம் கம்பெனி பொருளு. தொடக் கூடாது!”